எத்தனை பேரைப் பிடித்தாலும் சென்னையில் வெட்டுக்குத்து ஏன் ஓயவில்லை?

நீங்கள் கேட்டது உண்மையில் இரண்டு கேள்விகள். சென்னையில் எத்தனை ரவுடிகளைப் பிடித்தாலும், எத்தனை பேரைச் சுட்டாலும், வெட்டுக்குத்து ஏன் ஓயமாட்டேன் என்கிறது என்பது முதல் கேள்வி. போலீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தந்த ஏரியா மக்கள் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற உங்களைப் போன்றவர்கள் ஏதாவது செய்ய முடியுமா என்பது இரண்டாவது. நான் பதினைந்து வருடங்களுக்கு மேலாக வட சென்னைப் பையன்களின் ஜாமீன் மனுக்களோடும் சிறார் வழக்குகளோடும் கிடக்கிற வக்கீல். கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தின் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் பேசிப் பேசித்தான் இதில் பாதியைக் கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கண்ணகி நகர் என்று பெயரைச் சொன்னதுமே "அங்கே எல்லாரும் அப்படித்தான்" என்று ஒரு பேச்சு வரும். அது பொய். ஒரு பெரிய குடியிருப்பில் ஆயிரக்கணக்கான பையன்கள் இருப்பார்கள், அதில் 'பொருள்' எடுக்கிறவன் (கத்தி, அரிவாளுக்கு அங்கே அதுதான் பெயர்) விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பான். மற்றவர்கள் டெலிவரி வண்டி ஓட்டுகிறார்கள், ஏசி மெக்கானிக்காக இருக்கிறார்கள், டிப்ளமோ படிக்கிறார்கள், அந்தச் சிலருக்குப் பயந்து வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1990களில் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார்கள். 61 கும்பல்கள், ஏறத்தாழ 1,300 பேர், நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அங்கே இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்குகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களைச் சுற்றித்தான் நடந்திருந்தது. என் கையில் வந்த கேஸ் கட்டுகளிலும் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கேஸில் வெட்டியவன் அடுத்த கேஸில் வெட்டுப்பட்டவன்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது போலீஸ் சொன்ன காரணங்களில் ஒன்று, அதற்கு முந்தைய வருட ஆகஸ்டில் பட்டினப்பாக்கத்தில் நடந்த ஆற்காடு சுரேஷ் கொலைக்குப் பழி என்பது. பெரிய பெயர்கள் என்பதால் அது செய்தியானது. பெயர் தெரியாத பையன்களிடையே இதே கணக்கு வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் "முன்விரோதம் காரணமாக" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள் பத்து வருடக் கதை இருக்கும். அண்ணனை வெட்டினார்கள், தம்பி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான், சவ ஊர்வலத்தில் யாரோ அவன் தோளில் கை போட்டு "உனக்கு ஒரு கடமை இருக்கு" என்றார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சபதம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் நினைவு அஞ்சலி போஸ்டர் ஒட்டும் வாரத்தில் அந்தத் தெரு அம்மாக்கள் பையன்களை வெளியே விடமாட்டார்கள்.

பழியோடு சேர்ந்து இருப்பது பயம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் இடுப்பில் கத்தியோடு பிடிபட்டான், அதற்கு முன் அவன் மேல் ஒரு பெட்டி கேஸ்கூட இல்லை. ஏன்டா வைத்திருந்தாய் என்று கேட்டேன். "அவனுங்க வருவானுங்க மேடம், நான் வெறுங்கையோட நிக்கணுமா?" என்றான். அவன் நண்பன் ஒருவன் ஒரு சண்டையில் இருந்ததால் இவனும் கணக்கில் சேர்ந்துவிட்டான். கத்தி வைத்திருந்தால் பாதுகாப்பு என்று அவன் நினைக்கிறான், எதிரில் நிற்பவனும் அதையேதான் நினைக்கிறான், கடைசியில் இரண்டு பேரில் யாருக்குக் கை முந்துகிறதோ அவன் கொலைகாரன், மற்றவன் பிணம். இதை வெறும் திமிர் என்று பார்த்தால் எந்தத் தீர்வும் சரியாக வராது.

சரி, இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரம்பூர் பின்னி மில் (பி அண்ட் சி மில்) பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1996இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அப்பாவுக்குப் பிறகு பையன் என்று தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட இடம். மாதச் சம்பளம், சங்கம், பி.எஃப். எல்லாம் இருந்த வேலை அது. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்த பிறகு மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. தாத்தா மில் தொழிலாளி, அப்பா கிடைத்த நாளில் பெயின்ட் அடிப்பவர், பேரனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் கான்ட்ராக்ட் வேலை. வேலை போனதோடு, மில் கேட்டில் "இவன் இன்னாரு பையன்" என்று அதட்ட இருந்த பெரியவர்களும் போனார்கள். சங்கத்துத் தலைவருக்கு இருந்த மரியாதை அப்புறம் மெல்ல வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது இடமாற்றம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். 2000க்குப் பிறகு கதை மாறியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். படிப்பு வருடத்தின் நடுவில் லாரியில் ஏற்றிய குடும்பங்கள் உண்டு. பரீட்சைக்குப் பழைய பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக முடியாமல் பையன் நின்றுவிடுவான். வீட்டு வேலைக்குப் போன அம்மா விடியற்காலையில் கிளம்பி இருட்டிய பிறகுதான் வருவாள். ஏற்கெனவே பகையில் இருந்த இரண்டு ஏரியாக் குடும்பங்களை ஒரே பிளாக்கில் மேலும் கீழுமாகக் குடிவைத்ததும் நடந்தது. பழைய இடத்தில் இருந்த அத்தை, சித்தப்பா, டீக்கடைக்காரர் என்ற வலை அறுந்துபோனது. அது அறுந்தால், பள்ளியை விட்ட பதினான்கு வயதுப் பையனை மாலை நாலு மணிக்கு "எங்கடா போற" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

கேட்க ஆள் இல்லாத பையனுக்கு ஒரு 'அண்ணன்' கிடைப்பார். அந்த அண்ணனுக்கு மேலே இன்னொருவர் இருப்பார், அவர் பெரும்பாலும் அந்த ஏரியாவிலேயே குடியிருக்க மாட்டார். தொழிற்சாலைகளின் ஸ்கிராப் யாருக்கு, நிலத்தகராறில் யாரை மிரட்ட வேண்டும், கட்டடம் கட்டுகிறவரிடம் யார் மாமூல் வாங்குவது, கஞ்சா யார் கை வழியாகப் போக வேண்டும், பணம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பையன்களுக்கு வருவது பைக்குக்குப் பெட்ரோல், பிரியாணி, கேஸ் வந்தால் வக்கீல் ஃபீஸ். சில கொலைகளில் வெட்டியவன் ஒருவன், சரண்டர் ஆகிறவன் வேறொருவன். பதினெட்டு ஆகவில்லை என்றால் தண்டனை குறைவு என்று கணக்குப் போட்டுச் சிறுவர்களைச் "சம்பவத்துக்கு" அனுப்புகிறவர்களை நான் கோர்ட்டு வராந்தாவில் வெள்ளைச் சட்டையோடு பார்த்திருக்கிறேன். பையன் வேனில் ஏறும்போது அவர் காரில் ஏறிப் போவார். எனக்கு இதில் வருகிற கோபம் வேறு எதிலும் வருவதில்லை.

கெத்து என்ற சொல்லையும் விட முடியாது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்த நாள் விழாவில் அரிவாளால் கேக் வெட்டினார்கள், போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு எத்தனை பையன்கள் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டுப் பிடிபட்டார்கள்! கல்லூரிப் பையன்களின் 'ரூட்டு தல' (ஒரே பஸ் ரூட்டில் வரும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவன்) விவகாரமும் இதே கெத்துதான். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடுகிற பஸ்ஸில் பட்டாக்கத்தியோடு ஏறி வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் வைத்துத் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் சில நாட்களில் இறந்துபோனார். அவர்களில் பல பேர் தங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்திருக்க வேண்டியவர்கள்.

இப்போது நான் அதிகம் சொல்ல நினைப்பது. உள்ளே போவதற்கு இத்தனை வழி இருக்கிறதே, வெளியே வர ஒரு வழியாவது இருக்கிறதா? இல்லை. இந்தக் கணக்கில் சிக்கிய பையன்களில் பாதிப்பேர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் களைத்துவிடுவார்கள். கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், "போதும் மேடம்" என்பார்கள். அந்த நேரத்தில் நாம் அவனுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

ஜாமீன் கிடைத்தால் கண்டிஷன். தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பத்தரைக்கு ஸ்டேஷனில் நிற்கிறவனை எந்த முதலாளி வேலைக்கு வைப்பார்? அதைவிட மோசம், அவன் பத்தரைக்கு எங்கே இருப்பான் என்பது எதிராளிக்கும் தெரியும். கையெழுத்துப் போடப் போகும் வழியிலும், வாய்தாவுக்கு வரும் வழியிலும் வெட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கோர்ட்டு வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அப்புறம் 'ஒன் டென்', அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவில் வாங்கும் நன்னடத்தைப் பிணைப் பத்திரம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவின் எண் 129, ஆனால் ஏரியாவில் இன்னும் பெயர் ஒன் டென்தான். அதை மீறினான் என்று சொன்னால் மிச்ச நாளைக்கு ஜெயில். அதற்கு மேலே குண்டாஸ், 1982ஆம் வருடச் சட்டம், விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஆட்கொணர்வு மனு போட்டு அது விசாரணைக்கு வருவதற்குள் பல மாதம் போய்விடும், அந்த மாதங்களை அவன் புழலில் யாரோடு கழிக்கிறான் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தனியாக உள்ளே போனவன் தொடர்போடு வெளியே வருகிறான். சிறார் வழக்கு பிற்காலத்தில் ஒருவனுக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஆனால் பதினாறு வயதில் எடுத்த போட்டோ ஏதோ ஒரு செல்போனில் இருந்துகொண்டே இருக்கும், பண்டிகைக்கு முன்னால் "சும்மா விசாரிக்க" என்று வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், தெருவே பார்க்கும். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பார்கள். சில பேரை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிட நினைக்கிறவனையும் விடமாட்டேன் என்கிறவனையும் ஒரே மாதிரி நடத்தினால், விட நினைக்கிறவன் எதற்காக விட வேண்டும்?

என்கவுன்டர் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஆம்ஸ்ட்ராங் கொலைக்குப் பிறகு 2024 செப்டம்பர் முடிவதற்குள் சென்னையில் மூன்று பேர் என்கவுன்டரில் இறந்தார்கள். 2003இல் அயோத்திக்குப்பம் வீரமணி சுடப்பட்டபோதும் இதோடு அடங்கிவிடும் என்றுதான் பலர் நம்பினார்கள். ஒருவர் இறந்தால் அவர் செய்துகொண்டிருந்த வசூல் அப்படியே இருக்கிறது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள், அந்தப் போட்டியில் இன்னும் நாலு வெட்டு விழும். கோர்ட்டு விசாரணை இல்லாததால் பின்னால் இருந்து ஏவிய வெள்ளைச் சட்டைக்காரர் பெயர் வெளியே வராமலே போய்விடும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்து" மாவுக்கட்டோடு நிற்கும் பையனின் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அவன் தம்பியும் அந்தப் படத்தைப் பார்க்கிறான்.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. தலைமுறை தலைமுறையாகத் தெருவுக்குத் தெரு கத்திக் கும்பல் இருந்த ஊர், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்றே அதைச் சொன்னார்கள். 2005இல் அந்த ஊர்ப் போலீஸே வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது. ஜான் கார்னாகன் என்ற போலீஸ் அதிகாரியும் கேரின் மெக்லஸ்கி என்ற ஆய்வாளரும் முன்னால் நின்றார்கள். இதை நோய் மாதிரிப் பார்க்க வேண்டும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2008இல் கும்பல் பையன்களைக் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள், விசாரணைக்காக இல்லை, பேச. வெட்டுப்பட்ட முகங்களைத் தைக்கிற டாக்டர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசினார். போலீஸ் எழுந்து, இனி ஒருவன் வெட்டினால் அந்தக் கும்பல் முழுவதன் மேலும் வருவோம் என்றது. கடைசியில், விட்டுவிட வேண்டும் என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு, வேலை, படிப்பு, போதைக்குச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையையும் அதே காலத்தில் கூட்டினார்கள், அதை மறைக்கக்கூடாது. பத்துப் பதினைந்து வருடங்களில் ஸ்காட்லாந்தின் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. முன்னே சொன்ன பாஸ்டனிலும் 1996இல் இதே வழியைப் பின்பற்றினார்கள், இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன. ஆனால் 2000இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், சில வருடங்களில் கொலைகள் மறுபடி ஏறின. இரண்டு வருடத் திட்டம், ஒரு கமிஷனர் மாறினால் முடிந்துவிடும் திட்டம் உதவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே என்ன செய்யலாம்? ஒரு வெட்டு விழுந்த பிறகு வரும் முதல் மூன்று நாள்தான் முக்கியம் என்பது என் அனுபவம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் அப்போது யார் நிற்கிறார்கள்? ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் 'அடுத்து என்ன' என்று ஸ்கெட்ச் போடும் நண்பர்கள். நடுவில் ஒருவரும் இல்லை. அங்கே ஓர் ஆள் வேண்டும். கிளாஸ்கோவில் 2015லிருந்து அவசரச் சிகிச்சைப் பிரிவிலேயே அப்படி ஆட்களை வைத்தார்கள். நம் ஊரில் அந்த ஆள் பழைய ரவுடியாக இருந்து விட்டுவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிறவராக இருக்கலாம், மீனவக் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவராக இருக்கலாம், கானா பாடுகிற அண்ணனாக இருக்கலாம். பெரும்பாலும் அது ஒரு பெண். இரண்டு பக்கத்துப் பையன்களையும் சின்ன வயதில் தூக்கி வளர்த்த அத்தை ஒருவர் எதிராளி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, விடியும் வரை எழுந்திருக்காமல் ஒரு பழியை நிறுத்தியதை நான் அறிவேன். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல், பாதுகாப்பு இல்லாமல், சில சமயம் "நீதான் தகவல் சொல்றியா" என்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு. இவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், போலீஸிடம் தகவல் சொல்லும் வேலையை மட்டும் இவர்கள் தலையில் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த நாளே இவர்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

மாலை நாலு மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு பையனுக்குப் போக இடம் வேண்டும். வியாசர்பாடி முல்லை நகரில் 1990களின் கடைசியில் உள்ளூர்க்காரர்கள் சிலரே தொடங்கிய கால்பந்துப் பயிற்சி எத்தனை பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுபோனது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த வாரம் கண்ணகி நகர் என்ற பெயர் வேறு காரணத்துக்காகத் தலைப்புச் செய்தியில் வந்ததைப் பார்த்து நான் வழக்கு நடத்தும் பையன் ஒருவனின் அம்மா போனில் அழுதார். போலீஸின் சிறார் மன்றங்களும் பல இடங்களில் நன்றாக நடக்கின்றன. ஆனால் விளையாட்டு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோச் நல்லவராக இருந்து, பள்ளியை விட்ட பையனை மறுபடி பத்தாவது எழுதவைக்க ஒருவர் கூடவே அலைந்தால்தான் அது வேலை செய்யும்.

பெரிய செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. கையெழுத்தை வேலை நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ மாற்றலாம், தினமும் என்பதை வாரம் ஒரு நாள் ஆக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் சம்பளச் சீட்டோடு மனுப் போட்டுக் கேட்டால் பல பேர் மாற்றித் தருகிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. மூன்று வருடம் புதிய கேஸ் இல்லாதவனுடைய ரவுடி பட்டியல் பெயரை நீக்க வருடத்துக்கு ஒரு நாள் வைத்து, அவன் குடும்பத்தை வரவழைத்து அவர்கள் எதிரிலேயே நீக்கலாம். மறுகுடியமர்த்தும் குடும்பங்களைப் பரீட்சைக்கு முன்னால் பெயர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் ஒட்டுமொத்தமாக நிற்கலாம்.

கடைசியாக நீங்கள். உங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி எடுத்திருக்கும் கான்ட்ராக்டரிடம் ஒரு முறை கேளுங்கள், கண்ணகி நகர், செம்மஞ்சேரி முகவரி இருந்தால் ஆள் எடுக்கிறீர்களா என்று. நேரடியாக இல்லை என்று சொல்ல மாட்டார், "வெரிஃபிகேஷன்" என்பார். அந்த ஒரு சொல்லில், ஒரு கேஸும் இல்லாத பையன்களும் சேர்ந்து அடிபடுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவனுக்கு ஒரு குடோன் முதலாளி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வா, ராத்திரி ஒரு மணி நேரம் கூட இரு என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. நாலு வருடமாக அந்தப் பையன் பெயர் புதிதாக எந்தக் கேஸ் கட்டிலும் என் மேஜைக்கு வரவில்லை. பழைய கேஸ் மட்டும் இன்னும் நடக்கிறது, அவன் வாய்தா தேதிகளை மாதம் பிறந்ததும் நானே அந்த முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். உங்களுக்குத் தெரிந்து அப்படி இடம் தரக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தேதிகளை அவருக்கும் அனுப்புகிறேன்.